அலுமாரிக்கு மேலே இருந்த சில்லுச் சப்பாத்து

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

போனில் பேசினால் சாப்பிட்டாயா, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறாயா என்று கேட்பதோடு என் பேச்சு முடிந்துவிடுகிறது. சொல்ல நினைத்தது எல்லாம் போனை வைத்த பிறகுதான் வரிசையாக வந்து நிற்கும். கீழ்வீட்டு அன்ரி வியாழக்கிழமை மகனைப் பார்க்கச் சென்னைக்கு வருகிறார். அவரிடம் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். தீபாவளித் தையல் எல்லாம் கொடுத்து முடிந்தது. வெளியே நல்ல மழை. அப்பா செய்தி பார்த்துவிட்டுப் படுத்துவிட்டார்.

நீ கட்டிலுக்குக் கீழே விட்டுப்போன நீலப் பையைத் திறந்து பார்த்தேன். கோபிக்காதே. இந்த மழைக்கு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்றுதான் திறந்தேன். உன் ஸ்கேட்டிங் வகுப்பின் 12 பிள்ளைகளுக்கான முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் கவசங்கள். பாதிக்கு வெல்குரோ பிடிக்கவே இல்லை. கொளுக்கிப் பக்கம் முழுக்கத் தலைமுடியும் நூலும் புல்லும் அடைந்து கிடந்தன. பழைய பல்துலக்கியால் தேய்த்து, வராததைக் குண்டூசியால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தேன். மற்றப் பக்கம் பஞ்சு தேய்ந்து வழுவழுவென்று போனதை வெட்டி எறிய வேண்டியதாயிற்று. புறக்கோட்டைக்குப் போய் இரண்டு அங்குல வெல்குரோ 6 யார், இலாஸ்டிக் 3 யார் வாங்கி வந்தேன். 14ஆம் நம்பர் ஊசி இரண்டு முறிந்தது. ஜீன்ஸ் தைக்கிற 16ஆம் நம்பரைப் போட்ட பிறகுதான் துணியில் இறங்கியது. ஒவ்வொரு பட்டியையும் நாலு பக்கமும் ஓட்டி, நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்கே இரண்டு தையல் போட்டிருக்கிறேன். இனித் துணி கிழிந்தாலும் பட்டி கழலாது.

ஒன்று கவனித்தேன். அநேகமாக எல்லாச் சோடியிலும் வலது முழங்கால் மூடிதான் கூடத் தேய்ந்திருக்கிறது. பிள்ளைகள் வலப்பக்கமாகத்தான் விழுகிறார்கள் போல. உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் பார்த்துக்கொள்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

ஓகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை, சம்மாங்கோட்டுக் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு உன் வகுப்பைப் பார்க்க வந்தேன். நீ என்னைக் காணவில்லை. அந்தப் பாடசாலைக் கூடைப்பந்துத் திடலின் படியில், பிள்ளைகளைக் கூட்டி வந்த தாய்மாரோடு சேர்ந்து இருந்தேன். நீ சில்லுகளில் சுழன்று காட்டுவாய், நான் பயந்துகொண்டு பார்க்கப்போகிறேன் என்று நினைத்துத்தான் வந்தேன். நீயோ புதிதாக வந்த ஆறு பிள்ளைகளை ஓர் அடி கூட உருள விடவில்லை. வெறும் கவசத்தோடு புல்லில் நிறுத்தி, விழப் பழக்கினாய். முழங்காலை மடக்கு, முன்னுக்குச் சாய், முதலில் முழங்கால், பிறகு முழங்கை, கடைசியில் கை, விரலைப் பொத்திக்கொள். திரும்பத் திரும்ப அதுதான். தலைக்கவசத்துக்குள் ஹிஜாப்பை இறுக்கிக் கட்டியிருந்த ஒரு சின்னப் பிள்ளை விழப் பயந்து அழுதாள். நீ அவளுக்குப் பக்கத்தில் விழுந்து காட்டினாய். நாலு தரம். ஐந்தாம் தரம் அவளும் உன்னோடு விழுந்தாள். எழும்பி, இன்னொரு தரம் விழட்டா என்று கேட்டாள்.

என் பக்கத்தில் இருந்த தாய், இந்த மிஸ்ஸுக்கு நல்ல பொறுமை என்று சிங்களத்தில் சொன்னார். நான்தான் உன் அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன், தொண்டை அடைத்துவிட்டது.

ஒன்பது வருடம் நீ அந்த இரட்டைக் கோபுர அலுவலகத்தில் இருந்து இறங்கி, கோட்டையில் ரயில் எடுத்து, எட்டரைக்கு வீட்டுக்கு வந்து சோற்றைச் சூடாக்குவாய். ஒரு கையில் போன், மறு கையில் சோறு. "அம்மா, கொஞ்சம் பேசாமல் இருங்கோ, மீட்டிங்" என்பாய். அந்தக் குரல்தான் என் மகளின் குரல் என்று நானும் பழகிவிட்டேன். திடலில் கேட்டது வேறு குரல். அதை நான் கடைசியாகக் கேட்டது நீ பாடசாலைப் பிள்ளையாக இருந்தபோது, நம் ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில்.

அதைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் இருந்து மாமா கொண்டு வந்த சில்லுச் சப்பாத்து ஞாபகம் இருக்கிறதா? வளர்ந்தாலும் போடலாம் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கி வந்தது. முன்பக்கத்தில் பஞ்சு அடைத்து உனக்குப் போட்டுவிட்டேன். நீ வளர வளர அந்தப் பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை வருடம் அதை உன்னிடம் இருந்து வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன், பரீட்சை முடிந்ததும் தருவேன் என்றேன். நீ கேட்டபோது, சாமான்கள் இடம் மாற்றியதில் எங்கோ தொலைந்துவிட்டது என்றேன். தொலையவில்லை. பழைய பேப்பர் எடுக்க வந்தவரிடம் நானே தூக்கிக் கொடுத்தேன்.

அது 2009. தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி, பொலிஸ் பதிவு, அடையாள அட்டை. பிள்ளை வீட்டுக்குள் இருந்து படித்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்த காலம். அதைச் சாட்டாகச் சொல்லவில்லை. சப்பாத்தைக் கொடுத்தது பிழை, பொய் சொன்னது அதைவிடப் பிழை. 16 வருடமாக என் நெஞ்சில் கிடந்தது. நீ வேலையை விட்டேன் என்று வந்து நின்ற அன்று நான் அவ்வளவு சத்தம் போட்டதற்கும் இதுதான் காரணமோ என்று இப்போது யோசிக்கிறேன். மன்னித்துக்கொள் பிள்ளை.

அப்பாவை நினைத்து மனம் வருந்தாதே. 1983 ஆடிக் கலவரத்தில் காலி வீதியில் பெரியப்பாவின் கொப்பிக் கடை எரிந்தபோது அவர் அங்கேதான் நின்று வேலை பழகிக்கொண்டிருந்தார். சொந்தக் கடை என்ற பேச்சே அதோடு அவருக்கு விட்டுப்போயிற்று. மாத முடிவில் கையில் வருவதுதான் காசு. அப்படிப்பட்டவரிடம் போய் நீ 'பாஷன்', மனதுக்குப் பிடித்த வேலை என்றாய். இனி அந்தச் சொல்லைச் சொல்லாதே. 'தொழில்' என்று சொல், கணக்கைக் காட்டு, அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்காருவார். போன மாதம் என்னைக் கூப்பிட்டு ஒரு செய்தியை வாசித்துக் காட்டினார். ஆனந்த்குமார் வேல்குமார் என்று சென்னைப் பொடியன், சீனாவில் நடந்த ஸ்பீட் ஸ்கேட்டிங் உலகச் சம்பியன்ஷிப்பில் 1000 மீற்றரில் தங்கம் எடுத்தது, இந்தியாவுக்கு இதில் பெரியவர்கள் பிரிவில் அதுதான் முதல் தங்கம் என்று. "எங்கட தமிழ்ப் பொடியன்" என்றார். இதையெல்லாம் அவர் ஏன் தேடி வாசிக்கிறார் என்று நான் கேட்கவில்லை.

இனிக் காசு. இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் உன் பணிக்கொடை. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், ஒன்பது வருடத்துக்கு நாலரை மாதம். வந்துவிட்டதா? ஊழியர் நம்பிக்கை நிதி, அந்த ஈ.ரி.எஃப். காசுக்கும் விண்ணப்பம் போடு. ஊழியர் சேமலாப நிதி, ஈ.பி.எஃப்., 50 வயது வரை அங்கேயே கிடக்கட்டும், அது உன் கிழவி வயதுக்கு. பணிக்கொடையில் சப்பாத்து வாங்காதே. அது நாலரை மாதச் சோறும் வாடகையும்.

நீ தொழில்முனைவு என்று பெரிய சொல்லாகச் சொன்னபோது எனக்குப் புரியாத ஏதோ என்று நினைத்தேன். பிறகு கணக்கு எழுதும் என் சி.ஆர். கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். 11 கொப்பி இருக்கிறது. 1998இல் முதல் சாறிச் சட்டை, கூலி 60 ரூபாய். அன்றில் இருந்து இந்தச் சாப்பாட்டு மேசையில் நான் நடத்தியதும் அதுதானே. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

விருப்பத்தோடு செய்கிற வேலைக்குத்தான் ஆட்கள் கூலியைக் குறைப்பார்கள். "நீங்கள் ஆசைக்குத் தைக்கிறீர்கள்தானே, இந்த ஒன்றைச் சும்மா தாருங்கோ" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் தெரியுமா? முதல் ஐந்து வருடம் சொந்தக்காரர் ஒருவரிடமும் நான் காசு வாங்கவில்லை. நூலும் கொக்கியும் என் காசு, இரவும் என் இரவு. அவர்களே வெளியில் கொடுத்துத் தைக்கும்போது கேட்ட கூலியைக் கொடுத்தார்கள். உன்னிடமும் கேட்பார்கள். உங்களுக்கு ஸ்கேட்டிங் உயிர், என் பிள்ளைக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கோ என்பார்கள். உயிர் என்பதால்தான் குறைக்க முடியாது என்று சிரித்துக்கொண்டே சொல். வசதியில்லாத பிள்ளை என்று உனக்குத் தெரிந்தால் அது வேறு, அதைக் கேட்காமலே செய். ஆனால் அதையும் கொப்பியில் எழுது. உன் கூலியை மிச்சத்தில் எடுக்காதே, மற்றச் செலவுகளோடு முதல் வரியில் எழுது. மிச்சம் என்று ஒன்று வரவே வராது.

மாதத்துக்கு மாதம் ஒரே மாதிரி இராது. எனக்குத் தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் படுக்க நேரமில்லை, மாசியில் மெசின் சும்மா கிடக்கும். உனக்குப் புலமைப்பரிசில் பரீட்சை கிட்ட வரும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரும் வரமாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் நாலு மணிக்கு இடி இடிக்கும், ஈரமான பெயின்ற் தரையில் சில்லு வழுக்கும் என்று நீயே சொன்னாய். மூடிய மண்டபம் கிடைக்கும் வரை அந்த மாதங்களைக் காலை வகுப்பாக வை. டிசம்பர் விடுமுறைக்கு இப்போதே ஆட்களைப் பதி.

சப்பாத்தைப் பிள்ளைகளுக்கு விற்காதே, வாடகைக்கு விடு. வளரும் காலுக்கு விற்றால் ஆறு மாதத்தில் தாய்மாருக்குக் கசந்துவிடும். நாங்கள் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது உள்மடிப்பில் துணி விடுவோமே, அதுபோல அளவு கூட்டிக் குறைக்கக்கூடியதாகப் பார்த்து வாங்கு. 1863இல் நியூயோர்க்கில் சாய்ந்தால் திரும்பும் நாலு சில்லுச் சப்பாத்தைச் செய்தவர் பிளிம்ப்டன் என்ற தளபாடத் தொழில்காரர், வாடகைக்கு விட்டே அதைப் பரப்பினார் என்று நீதானே அன்றைக்குக் கதை சொன்னாய். அந்த மனிதரின் மூளையைப் பார்.

வாங்குவதையும் ஒரேயடியாக வாங்காதே. 2022இல் டொலர் 200இல் இருந்து 360க்குப் போனபோது நூல்கண்டு, ஊசி எல்லாம் ஏறியது உனக்குத் தெரியும். அந்தப் பங்குனியில் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. கரண்ட் மெசின் வைத்திருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். நான் அம்மம்மாவின் பழைய சிங்கர் கால் மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் தைத்தேன். விற்கச் சொல்லி நீ எத்தனை தரம் கேட்டாய், நல்லவேளை விற்கவில்லை. உனக்கும் அப்படி ஒன்று வேண்டும். கிழமையில் இரண்டு நாள் யாருக்காவது கணக்கு எழுதிக் கொடு. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

சில்லுக்குள் இருக்கிற பெயாரிங்கைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு சோடிக்கு 16 என்றாய், 12 சோடிக்கு 192. கடற்காற்றில் என் ஊசிப் பெட்டியே ஒரு மாதத்தில் துருப்பிடிக்கிறது. நான் ஊசியை எண்ணெய்த் துணியில் சுற்றி, இறுக்கமான டப்பாவில் போட்டு வைப்பேன். மழை ஈரம் பட்ட அன்றே பெயாரிங்கைத் துடைத்துக் காய வைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடு, அடுத்த நாளைக்கு என்று வைக்காதே.

வியாபாரப் பெயரைப் பதிவதற்குக் கிராம சேவகரின் கடிதம் வேண்டும். நீ வந்ததும் சேர்ந்து போவோம், பிறகு திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகலாம், படிவம் நிரப்புவதில் அவர் கெட்டிக்காரர்.

பட்டிகள் தைத்ததற்கு பில் எழுதியிருக்கிறேன், கடிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். வெல்குரோ 1,080, இலாஸ்டிக் 420, ஊசி 200, தையல்கூலி 31 பட்டிக்கு 60 ரூபாய்ப்படி 1,860. மொத்தம் 3,560 ரூபாய். வந்ததும் தா. உன் கொப்பியில் செலவுப் பக்கத்தில் எழுது.

மணிக்கட்டுக் கவசத்தில் சின்ன அளவு இரண்டு போதாது. அந்த அழுத பிள்ளை போட்டிருந்தது அவளுக்குப் பெரிது, விழும்போது சுற்றியது, நான் பார்த்தேன். அவளின் கையை அளந்து தந்தால் புதிதாக ஒன்று வெட்டுகிறேன். மணிக்கட்டின் சுற்றளவும், அங்கிருந்து உள்ளங்கை நடு வரையும் வேண்டும்.

அம்மா