காவுட்டுவுக்கு டைவிங் போகும் கதிருக்கு

அன்புள்ள கதிர்,

பிரிஸ்பேனிலிருந்து சாலமன் தீவுகளுக்குப் போகிறாய், காவுட்டு பக்கம் கடலடியில் கிடக்கும் ஜப்பானியப் பறக்கும் படகுகளை (தண்ணீரில் இறங்கி ஏறும் போர் விமானங்களை) பார்க்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உனக்கு மட்டும் அனுப்பாமல், அந்தப் பக்கம் போகும் வேறு யாருக்காவது உதவட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீ சுமார் 30 மீட்டர் ஆழத்தில் பார்க்கப்போவது கவானிஷி எச்6கே. நான்கு என்ஜின், 40 மீட்டர் இறக்கை. அந்த இறக்கை உடம்போடு ஒட்டியிருக்காது. என்ஜின்களில் கடல்நீர் தெறிக்காதபடி கால்கள் வைத்து மேலே தூக்கி நிறுத்தியிருப்பார்கள். அடிவயிறு அப்படியே படகுதான். இதற்கு ஓடுதளம் தேவையில்லை. அலை அடங்கிய ஒரு குடா, கட்டிப்போட மிதவை, எரிபொருள், பழுது பார்க்கக் கரையேற்ற ஒரு கான்கிரீட் சரிவு, இவ்வளவு இருந்தால் தளம் தயார். ஓடுதளம் போட இடமில்லாத குட்டித் தீவிலிருந்துகூட பல நூறு மைல் கடலை வேவு பார்க்கலாம்.

காவுட்டுவும் டனம்போகோவும் கடலுக்குள் போட்ட ஒரு மேட்டுப்பாதையால் இணைந்த இரண்டு துண்டு நிலம். இரண்டாம் உலகப் போருக்கு முன் காவுட்டுவில் லீவர் பிரதர்ஸ் (நம் லைஃப்பாய் சோப்பு லீவர்தான்) கொப்பரை வியாபாரத்துக்காகத் தலைமையிடம் வைத்திருந்தது. அப்புறம் ஆஸ்திரேலிய விமானப்படையின் காட்டலினா வகைப் பறக்கும் படகுகள் வந்தன. 1942 மே 3 அன்று ஜப்பானியர் இறங்கினார்கள். யோகோஹாமா விமானப் பிரிவு அங்கே குடியேறியது. அதன் தலைவர் கேப்டன் ஷிகெதோஷி மியாசாகி.

எல்லோரும் எதிரே இருக்கும் குவாடல்கனால் தீவில் நடந்த சண்டையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்த எதிர்க்கரையில், சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, விமானதளத்துக்கு ஏற்ற சமவெளி இருப்பதைக் கண்டுகொண்டவர்கள் காவுட்டுவிலும் பக்கத்துத் தீவான துலாகியிலும் வந்து அமர்ந்த இந்த ஜப்பானியர்தான். ஜூலையில் அங்கே ஓடுதளம் போட ஆரம்பித்தார்கள். அதைப் பிடிக்கத்தான் ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கக் கப்பல்கள் வந்தன. அதற்கு முந்தைய நாட்களில் வானிலை மோசம். வேவு பார்க்கவே அமைத்த தளம் அந்தக் கப்பல்களைப் பார்க்கவில்லை. விடியற்காலையில் வாஸ்ப் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்கள் வந்து, கட்டிப்போட்டிருந்த பறக்கும் படகுகளையும் மிதவை வைத்த சண்டை விமானங்களையும் சுட்டு எரித்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நீருக்கடியில் பார்த்துவிட்டு உடனே படகேறிவிடாதே. கரையில் விமானங்களை ஏற்றும் சரிவு இருந்த இடத்தைக் கேட்டுப் பார். அமெரிக்கப் பாராசூட் படையினர் (குதித்தல்ல, படகில் வந்தார்கள்) அந்தச் சரிவில்தான் இறங்குவதாகத் திட்டம். ஆனால் அவர்களுடைய கப்பல்களே பொழிந்த குண்டுகளில் சரிவு உடைந்து, கான்கிரீட் பாளங்கள் வழியை அடைத்துவிட்டன. பக்கத்திலிருந்த படகுத்துறைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அங்கே மறைவு கிடையாது. காவுட்டுக் குன்றிலிருந்தும் டனம்போகோவிலிருந்தும் சூடு. அந்தத் துறையில் நின்று குன்றை அண்ணாந்து பார்த்தால், எவ்வளவு கிட்டத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்று உனக்கே புரியும்.

இரண்டு தீவுகளிலும் ஜப்பானியர் பக்கம் இருந்தவர்கள் சுமார் 500 பேர். சிறைபிடிக்கப்பட்டவர்கள் 20 பேர் அளவில்தான். சிலர் நீந்தித் தப்பினார்கள். மியாசாகி உட்பட மற்றவர்கள் செத்தார்கள். அமெரிக்கர்களில் செத்தவர்கள் சுமார் 70 பேர். அந்த 500-ல் கட்டுமான வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்களும் உண்டு. விமானத்தின் என்ஜின் வகைவரை எழுதி வைத்திருக்கும் நாம், சண்டையே தங்களுடையதில்லாத அந்தக் கூலியாட்களைப் பற்றி ஒரு வரி எழுதக் கஞ்சத்தனம் காட்டுகிறோம். இது எனக்குப் பொறுக்கவில்லை.

கதிர், உன்னிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். கடலடியிலிருந்து ஒரு ஆணிகூட எடுத்து வராதே. வெடிக்காத குண்டுகள் இன்னும் அந்தப் பக்கம் கிடக்கின்றன என்பது ஒரு காரணம். அது செத்தவர்களின் இடம் என்பது அதைவிடப் பெரிய காரணம். இரண்டாவது, படகு ஓட்டுபவர் அந்தப் பக்கத்து நிகேலா தீவுக்காரராக இருந்தால் அவரோடு உட்கார்ந்து பேசு. அவர் தாத்தா பாட்டி அந்த ஆகஸ்டில் எங்கே ஒளிந்திருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், யார் போய்த் திரும்பவில்லை என்று கேள். சொல்ல விருப்பப்பட்டால் அவர் சொன்னபடியே எழுதி எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா