மேற்கணக்குப் பெரியப்பாவுக்கும் உடன் நின்ற அனைவருக்கும்

கொட்டகலையிலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்து எங்களுக்குக் கைகொடுத்த அன்பு உறவுகளுக்கு,

அப்பாவின் பழைய மொரிஸ் மைனர் கார் நேற்றுக் காலை ஓடத் தொடங்கிவிட்டது. இந்த ஆறு வருடங்களில் எங்கள் வீடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதது அல்ல. அதைத் திரும்ப எழுத எனக்கு மனமில்லை. புதுப்பித்துப் பூட்டிய என்ஜின் ஒரு நாள்கூட ஓடாமல் கொட்டகையில் கிடந்ததும், அதன் சத்தத்தை ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்ததும் நீங்கள் அறிந்தவைதான்.

கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி கேஸ்கட் வாங்கி வந்த மச்சானுக்கும், தாங்கிக்குள் பிசினாகிப் போயிருந்த பழைய பெற்றோலை வடித்துக் கழுவித் தந்த லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டுப்) பிள்ளைகளுக்கும், லொறி பற்றரியைக் கழற்றிக்கொடுத்ததோடு, 1958ஆம் ஆண்டு வண்டியில் பொசிட்டிவ் முனைதான் பாடியில் சேர வேண்டும் என்று நினைவூட்டிய அண்ணனுக்கும், மழையென்று பாராமல் தேநீரோடு வந்து நின்ற எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது, தேயிலைத் தொழிற்சாலையின் என்ஜின் அறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற, தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கில் இருக்கும் பெரியப்பாவை நினைத்துத்தான். அவரை யாரும் அழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை மூடுபனி இறங்கிய நேரத்தில், பத்திரிகைத் தாளில் சுற்றிய நீள மூக்கு ஒயில் கேனோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார். நான் ஸ்டார்ட்டர் குமிழை இழுக்க விரலை வைத்திருந்தேன். "தம்பி, கையை எடுங்க. உள்ளே காய்ந்து கிடக்கும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது இப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்குகிறது. பூட்டும்போது பெயரிங்குகளில் பூசிய எண்ணெய் ஆறு வருடங்களில் வடிந்து இறங்கியிருக்கும்; ஒயில் பம்பும் வெறுமையாகி இருக்கும்; அது வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் முனையில் பூட்டப்பட்டிருப்பதால் என்ஜினைச் சுழற்றாமல் அதை மட்டும் தனியாகச் சுற்றவும் வழியில்லை. அந்த நிலையில் என்ஜின் ஸ்டார்ட் ஆகியிருந்தால், ஒயில் மேலேறுவதற்குள் புதிய பெயரிங்குகள் தேய்ந்து போயிருக்கும்.

நான்கு பிளக்குகளையும் கழற்றச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சிறிதளவு ஒயில் விட்டார். ஒயில் அழுத்தம் குறைந்தால் எரியும் ஒயில் விளக்கின் சுவிட்சைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியே கேனின் மூக்கால் ஒயிலை உள்ளே தள்ளினார். பிறகு என்ஜினைக் கையால் சுற்றும் சுழற்றுகைப்பிடியை என்னிடம் தந்தார். நான் பிடித்த விதத்தைப் பார்த்தவர், பேசாமல் என் பெருவிரலை எடுத்து மற்ற விரல்களின் பக்கமே வைத்துவிட்டார்; என்ஜின் திருப்பி அடித்தால் எதிர்ப்பக்கம் வளைத்த பெருவிரல்தான் முதலில் முறியும். பிளக் இல்லாத என்ஜின் திருப்பி அடிக்காது என்பது அவருக்குத் தெரியாததல்ல, அடுத்த தடவைக்காகத்தான் என் கையைப் பழக்கினார். அப்பாவும் சிறுவயதில் என் கையை இப்படித்தான் பிடித்துத் திருத்துவார்.

வால்வுகளை அழுத்தித் திறக்கும் ரொக்கர்களின் மூடியைத் திறந்து வைத்து, டோர்ச் வெளிச்சத்தில் இருவரும் மாறி மாறிச் சுற்றினோம். நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு ரொக்கரின் அடியில் மயிரிழை போல ஒயில் பளபளத்தது, அடுத்ததிலும் ஊறியது. எட்டிலும் ஊறும்வரை அவர் விடவில்லை. அதன் பிறகே வால்வு இடைவெளிகளை 0.012 அங்குலத்துக்கு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். வீட்டுக்குப் புறப்படும்போது இரவு பத்து மணி தாண்டியிருந்தது. கொடுத்த பணத்தை வாங்கவில்லை.

மறுநாள் காலை பிளக்குகளைப் பூட்டி, சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசையில் வயர்களைக் கொடுத்துக் குமிழை இழுத்தேன். மூன்றாவது முறையில் ஸ்டார்ட் ஆனது. ஒயில் விளக்கு உடனே அணைந்தது. பெரியப்பா சொல்லியிருந்தபடி, கேமும் அதன்மேல் உரசி இயங்கும் டெப்பட்டும் ஒன்றோடொன்று படிவதற்காக 20 நிமிடங்கள் வேகத்தைத் தணிக்காமல் ஓடவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்திருந்த அப்பா ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் கட்டையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

பெரியப்பா, இனி இந்த என்ஜினை ஒரு மாதம்கூடச் சும்மா கிடக்க விடமாட்டேன். முதல் 500 மைல்கள் வரை ஏற்றத்தில் அதை வருத்தாமல் ஓட்டுவேன். உங்கள் ஒயில் கேன் எங்கள் கொட்டகையிலேயே இருக்கிறது. வரும் ஞாயிறு காலை அதைத் திருப்பித் தர வருகிறேன்; அப்பாவும் காரில் வருகிறார்.