127-இல் தொடங்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் ராஜன்,

நலம், நலமறிய ஆவல். இங்கே மழை விட்டபாடில்லை.

2024 ஒக்டோபரில் உறுதியான 2^136279841 − 1 என்ற முதன்மை எண்ணை உயர்தரப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போவதாக எழுதியிருந்தாய். நல்லது. ஆனால் இலக்கம் எத்தனை என்று நீயே சொல்லிவிடாதே, அவர்கள் கணிக்கட்டும். சுட்டியை 2-இன் மடக்கையால் பெருக்கி, முழு எண் பகுதியோடு 1 கூட்டவேண்டும். மடக்கை 0.30103 என்று எடுத்தால் 41024321 வரும், அது பிழை. 0.3010299957 என்று எடுத்தால்தான் சரியான 41024320 கிடைக்கும். ஐந்து தசம தானம் இங்கே காணாது.

அது முதன்மை என்பதை வகுத்துப் பார்த்து யாரும் நிறுவவில்லை. லூக்காஸ்–லேமர் சோதனைதான் கைகொடுத்தது. 4-இல் தொடங்கு. வர்க்கித்து 2-ஐக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடு. சுட்டியைவிட 2 குறைவான தடவை இதையே செய். கடைசி மீதி 0 என்றால் முதன்மை. சுட்டி 7-க்கு, அதாவது 2^7 − 1 = 127-க்கு: 4, 14, 67, 42, 111, 0.

இதிலே வகுத்தலே தேவையில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். 67-ஐ வர்க்கித்து 2 கழித்தால் 4487. 128 என்பது 127-ஐவிட 1 கூட, ஆகவே ஒவ்வொரு 128-க்கும் மீதி 1. 4487-இல் 128 முப்பத்தைந்து தடவை போக மிச்சம் 7. 35 + 7 = 42, அவ்வளவுதான். கணினிக்கு இது பிட்டுகளை வெட்டிக் கூட்டுகிற வேலை மட்டுமே. ஆனால் கடைசிப் படியில் 12319-ஐ இப்படி வெட்டினால் 96 + 31 = 127 வரும், 0 வராது. நேர் எண்ணை வெட்டிக் கூட்டினால் ஒருபோதும் 0 வராது. 127 வந்தால் அதை 0 என்று எடுக்கவேண்டும். புரோகிராம் எழுதுகிற பிள்ளை வழுக்குவது இங்கேதான்.

சுட்டி 11-க்கு (2047) கடைசி மீதி 1736. முதன்மையல்ல என்று தெரியும், காரணி தெரியாது. சுட்டியின் இருமடங்கின் மடங்கோடு 1 கூட்டி வரும் எண்களில் தேடு: முதல் எண் 23-ஏ வகுக்கும், மற்றது 89.

பெரிய எண்ணுக்கோ 13 கோடிக்கு மேற்பட்ட வர்க்கித்தல்கள். நடுவில் நினைவகத்தில் ஒரு பிட் புரண்டால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் குப்பை, ஆனாலும் பார்வைக்கு ஒழுங்கான மீதியாகவே இருக்கும். அதனால் இப்படிப்பட்ட எண்களைத் தேடுபவர்கள் இப்போது முதலில் ஃபெர்மா வகைச் சோதனையைத்தான் ஓட்டுகிறார்கள். அதில் தேறினால் முதன்மையாக இருக்கலாம், உறுதியில்லை. ஆனால் நடுவில் நேரும் கணிப்புப் பிழையைப் பிடிக்கிற கெர்பிச்சின் சரிபார்ப்பு அதற்குப் பொருந்தும். முதன்மையாக இருக்கலாம் என்று வந்தபிறகே லூக்காஸ்–லேமர். லூக் டூரன்ட் கண்டுபிடித்த, நீ சொல்லப்போகும் அந்த எண்ணும் அப்படித்தான் தேறியது.

வீட்டுவேலைக்குச் சுட்டி 13-ஐக் கொடு. 8191, பதினொரு படி. கடைசிக்கு முந்திய மீதி 128 வராவிட்டால் எங்கேயோ பெருக்கல் பிசகியிருக்கிறது, முதலிலிருந்து பார்க்கச் சொல்.

அன்புடன்,
குமார்