முறைத்துக்கொண்டு போனவளின் நன்றி மடல்

அப்பாவின் சிகிச்சையில் கூட நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

முப்பதாம் நாள் கும்பிடு முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். இப்போதுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

முதலில் புற்றுநோய் டாக்டருக்கு. நுரையீரல் புற்று எலும்புக்கும் பரவிவிட்டது என்று சொன்ன அன்றே கீமோவுக்குத் தேதி கொடுத்தீர்கள். அதே சீட்டில், வலி, மூச்சிரைப்பு மாதிரித் தொல்லைகளைக் குறைக்கும் நோய்த்தணிப்புப் பிரிவுக்கும் எழுதினீர்கள். "இப்பவே கைவிட்டுட்டீங்களா சார்?" என்று கேட்டு முறைத்துக்கொண்டு வெளியே வந்தவள் நான்தான். அதற்கு முன் பார்த்த மருத்துவமனையில், அந்தப் பிரிவெல்லாம் கடைசி நாட்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். பத்துக்கு எட்டு வலி என்று அப்பா சொல்லியும் பாரசிட்டமாலோடு அனுப்பியதும் அவர்கள்தான்.

மறுமுறை வந்தபோது நீங்கள் கோபப்படவில்லை. அமெரிக்காவில் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் பரவிய நுரையீரல் புற்று இருந்த 151 பேரிடம் நடத்திய ஆய்வைச் சொன்னீர்கள். 2010-இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 8.9 மாதங்களைத் தாண்டினார்கள். தொடக்கத்திலிருந்தே தணிப்புச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 11.6 மாதம். மனச்சோர்வும் அவர்களிடம் குறைவு. உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு அந்த எண்கள் மண்டையில் ஏறவில்லை. அந்தப் பிரிவுக்குப் போன ஒரே வாரத்தில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாரே, அப்போதுதான் ஏறியது.

அடுத்து, தணிப்புப் பிரிவு டாக்டரம்மாவுக்கும் சிஸ்டருக்கும். வலிக்கு மார்ஃபின் மாத்திரை என்றதும் சித்தப்பா, "அது போதை மருந்தாச்சே" என்று குதித்தார். நீங்கள் அவரையே கூப்பிட்டு உட்காரவைத்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏன், படுக்கும்போது மட்டும் இரண்டு மாத்திரை ஏன், கூடவே மலமிளக்கி ஏன் என்று ஒவ்வொன்றாக விளக்கினீர்கள். அப்புறம் நோட்டுப் போட்டு நேரம் குறித்தவரே சித்தப்பாதான்! மூச்சு இரைக்கும்போது டேபிள் ஃபேனை முகத்துக்கு நேரே வைக்கச் சொன்னீர்கள். இவ்வளவு சின்ன விஷயமா என்று நினைத்தேன். கடைசிவரை அப்பா கேட்டது அந்தக் காற்றைத்தான்.

கீமோவை நிறுத்தலாம் என்று முடிவெடுத்த அன்று இரண்டு டாக்டர்களும் ஒன்றாக வந்து அப்பாவிடமே பேசினீர்கள். எங்களைத் தனியே கூப்பிட்டுக் கிசுகிசுக்கவில்லை. "சரி, வீட்டுக்குப் போலாம்" என்று சொன்னது அவர்தான். அதற்காக உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வந்து புண்ணுக்குக் கட்டுப் போட்ட செவிலியருக்கும், காலை நீட்டி மடக்கிப் பழக்கிய பிசியோதெரபி தம்பிக்கும், பள்ளம் பார்த்து ஆட்டோ ஓட்டிய பக்கத்துத் தெரு அண்ணனுக்கும் நன்றி.

சிஸ்டர், மார்ஃபின் 14 மாத்திரை மிச்சம் இருக்கிறது. சித்தப்பா நோட்டோடு சரிபார்த்துவிட்டார். திங்கட்கிழமை கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.