ரோல்ஸ் வருசமும் உன் ஈ.ஐ.யும்

ஸ்காபரோ,
17.11.2024, ஞாயிறு

அன்பு மகளுக்கு,

செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு உனக்குப் போன் அடித்தது, நீ எடுக்கமாட்டாய், ஒரு மெசேஜ் விடலாம் என்று நினைத்துத்தான். கல்கரியில் அப்போது பகல் பன்னிரண்டு. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாய். பின்னால் கிரைண்டர் சத்தம். வேலை நாளில் நட்ட நடுப் பகலில் சம்பல் அரைக்கிற பிள்ளையா நீ? வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்றாய். நானும் சரி என்றுவிட்டேன். வெள்ளி இரவு நீயாகவே உண்மையைச் சொன்னாய். ஓகஸ்ட் 30 ஆம் திகதியோடு வேலை போய்விட்டது. பதினொரு கிழமையாக எங்களிடம் மூச்சு விடவில்லை.

அன்றைக்கு நீ அழுதாய், நான் "எல்லாம் சரிவரும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒன்றுக்கும் உதவாத பேச்சு. அதனால்தான் இன்று இருந்து, வேலை போனவர்களுக்குக் கனடாவில் கொடுக்கிற ஈ.ஐ. என்ற காப்புறுதிக் காசைப் பற்றி எழுதுகிறேன்.

நீ ஏழாம் வகுப்புப் படித்த வருசம், சாப்பாட்டுப் பெட்டியில் தினமும் உடைந்த ரோல்ஸ் வைத்து அனுப்புவேனே, நினைவிருக்கிறதா? "மற்றப் பிள்ளைகள் பீட்சா கொண்டு வருகிறார்கள்" என்று சண்டை பிடிப்பாய். அது 2009. ஜனவரி நடுவில் எங்கள் கார்ப் பாகத் தொழிற்சாலையில் இரவு ஷிப்டையே மூடினார்கள். பதினான்கு டொலர் மணிச் சம்பளம், கிழமைக்கு நாற்பது மணித்தியாலம். அப்பாவிடம் "மணித்தியாலத்தைக் குறைத்துவிட்டார்கள்" என்று பொய் சொல்லிவிட்டு, ஒரு கடைக்கு ரோல்ஸ் சுற்றிக் கொடுக்கத் தொடங்கினேன். பொரிக்கும்போது வெடித்தவை உனக்கும் தம்பிக்கும்.

ஈ.ஐ. எடுக்கலாம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பே ஸ்ரப்பில், அதுதான் சம்பளத் துண்டில், ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு எழுத்துக்குப் பக்கத்தில் காசு கழிவதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஆனால் யாழ்ப்பாணப் போரில் 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியதிலிருந்து, சாவகச்சேரியில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற கால் இது. இனி ஒரு நாளும் இலவசத்துக்கு வரிசையில் நிற்கமாட்டேன் என்று அப்போதே மனதுக்குள் ஒரு வைராக்கியம். ஈ.ஐ.யையும் அந்த அரிசியோடு சேர்த்துவிட்டேன். அங்கேதான் பிழைவிட்டேன்.

ஊரில் மரண சகாய சங்கம் இருந்தது. வீட்டுக்கு வீடு மாதம் ஏதோ கட்டுவார்கள். யார் வீட்டில் சாவு விழுகிறதோ அந்த வீட்டுக்குக் காசும் கதிரையும் பந்தலும் வரும். அதை வாங்கிய யாரும் பிச்சை வாங்கியதாக நினைக்கவில்லை. (நல்ல விசயத்துக்குச் சாவீட்டு உதாரணமா என்று கேட்பாய், வேறு பொருத்தமானது கிடைக்கவில்லை.) ஈ.ஐ.யும் அப்படித்தான். இந்த 2024 ஆம் வருசக் கணக்கில் 100 டொலருக்கு 1.66 டொலர் உன் சம்பளத்தில் கழிந்தது, வருசத்துக்கு 1,049 டொலர்வரை. அதைப்போல 1.4 மடங்கு முதலாளி தன் பங்காகக் கட்டியிருக்கிறார். நிவாரணம் வேறு, காப்புறுதி வேறு. இந்த வித்தியாசம் விளங்க எனக்கு நாலு மாதம் எடுத்தது.

மே மாதம் அப்பா என் பே ஸ்ரப் ஒன்றும் வராததைக் கவனித்துவிட்டார். ஒரு வார்த்தை ஏசவில்லை. அடுத்த நாள் காலை காரை எடுத்துக்கொண்டு வந்து "ஏறு" என்றார். விண்ணப்பம் போட்டபோது பதினேழு கிழமை போயிருந்தது. அந்தப் பதினேழு கிழமைக்கும் தரச் சொல்லிக் கேட்டேன். முடியாது என்று கடிதம் வந்தது. நான் எழுதிய காரணம் இரண்டு: வெட்கமாக இருந்தது, ஆர்.ஓ.ஈ. (வேலை முடிந்ததும் முதலாளி கொடுக்கிற பதிவுத் துண்டு) வரட்டும் என்று கூட வேலை செய்த ஒருத்தி சொன்னாள். சட்டப்படி இரண்டும் எடுபடாது. அதோடு, எத்தனை மணித்தியாலம் வேலை செய்தாய் என்பதை விண்ணப்பம் போட்ட நாளிலிருந்துதான் 52 கிழமை பின்னோக்கி எண்ணுவார்கள். தொழிற்சாலை வேலை இல்லாத பதினேழு கிழமையும் அந்த 52 க்குள் வந்து உட்கார்ந்துகொண்டது, முன்னால் உழைத்ததில் பதினேழு கிழமை மணித்தியாலம் வெளியே போனது. ஓகஸ்டில் வேறு வேலை கிடைத்துவிட்டதால் கிழமைக்கு 308 டொலர் வீதம் ஐயாயிரம் டொலருக்கு மேல் போனது போனதுதான். ரோல்ஸ் சுற்றி அதில் கால்வாசிகூட வரவில்லை.

இனி உன் கதைக்கு வருகிறேன்.

உன் வேலையிடத்து எச்.ஆர். (ஆளணிப் பகுதி) ஆள் "எட்டுக் கிழமைச் செவரன்ஸ் முடியும்வரை ஈ.ஐ.க்குப் போட முடியாது" என்று சொன்னதாகச் சொன்னாய். செவரன்ஸ் என்பது வேலையால் நிறுத்தும்போது முதலாளி தருகிற காசு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கமாட்டார். பாதி சரி, பாதி பிழை. செவரன்ஸ் இருக்கிற கிழமைகளுக்குக் காசு வராது என்பது சரி. விண்ணப்பம் போடக்கூடாது என்பது பிழை. வேலையின் கடைசி நாளிலிருந்து நாலு கிழமைக்குள் போட்டுவிட வேண்டும். செவரன்ஸ் வந்தாலும் வராவிட்டாலும், ஆர்.ஓ.ஈ. வந்தாலும் வராவிட்டாலும் அதுதான் கணக்கு. ஆர்.ஓ.ஈ.யை இப்போது முதலாளிமார் பெரும்பாலும் கணினியிலேயே, ஈ.ஐ.யைப் பார்க்கிற அரசாங்க அலுவலகமான சேர்விஸ் கனடாவுக்கு அனுப்பிவிடுவார்கள், உன் கணக்கில் பார்க்கலாம். அதில் ஒரு இடத்தை மட்டும் வடிவாகப் பார்: வேலை முடிந்த காரணத்துக்கு ஒரு எழுத்து இருக்கும். ஆட்குறைப்பு என்றால் ஏ. நீயாக விட்டாய் என்றால் ஈ. பிழை செய்து நிறுத்தினார்கள் என்றால் எம். ஏ தவிர வேறு எழுத்து இருந்தால் எனக்கு உடனே சொல், அது தனிக் கதை.

நேற்று இரவு நித்திரை வரவில்லை, அடுப்படியில் இருந்து கலண்டரை வைத்துக் கணக்குப் போட்டேன். எட்டுக் கிழமைச் செவரன்ஸ் என்றால் ஒக்ரோபர் 26 வரை ஓடும். அதன் பிறகு காத்திருக்கிற கிழமை ஒன்று. என் காலத்தில் அது இரண்டு, 2017 இலிருந்து ஒன்று. ஆக நீ நேரத்துக்குப் போட்டிருந்தால்கூட உனக்குக் காசு நவம்பர் 3 இலிருந்துதான். இன்று இரவு நீ விண்ணப்பித்து, பழைய திகதியைத் தராமல் விட்டார்கள் என்று வை. காத்திருக்கிற கிழமை இன்று தொடங்கும், 24 ஆம் திகதியிலிருந்து காசு. உன் சம்பளத்துக்கு 2024 இன் உச்சத் தொகை, கிழமைக்கு 668 டொலர், அதில் வரியும் கழியும். நட்டம் மூன்று கிழமை, ஏறக்குறைய 2,000 டொலர். லீவுக் காசு என்று வேறு ஏதாவது தந்திருந்தால் அதையும் கிழமைகளாகப் பிரித்துப் போடுவார்கள், நட்டம் இன்னும் குறையும்.

பார், நீ வெள்ளிக்கிழமை அழுத அளவுக்கு ஒன்றும் போய்விடவில்லை. ஆனால் இன்னும் "நாளைக்குப் பார்ப்போம்" என்றால் ஒவ்வொரு கிழமையும் 668.

அந்த 2,000 ஐயும் கேட்டுப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு ஆன்ரிடேற் என்று பெயர். முந்திய திகதியில் போட்டதாக எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்பது. அந்த முந்திய திகதியிலேயே உனக்குத் தகுதி இருந்திருக்க வேண்டும், அது உனக்கு இருக்கிறது. பிந்திய காலம் முழுவதுக்கும் நல்ல காரணமும் இருக்க வேண்டும். முதல் மாதத்துக்குக் காரணம் சொல்லிவிட்டு மிச்சத்தை விட்டுவிட்டால் சரிவராது. "எனக்குச் சட்டம் தெரியாது" என்பது மட்டும் போதாது. உன் நிலையில் இருக்கிற புத்தியுள்ள ஒரு ஆள், தன் உரிமையையும் கடமையையும் அறிந்துகொள்ள என்ன செய்திருப்பாரோ அதை நீ செய்தாயா என்றுதான் பார்ப்பார்கள். 1985 இல் பெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன அளவுகோல் அது, இன்றுவரை அதைத்தான் பிடிக்கிறார்கள்.

நீ பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய், நான் அதைப் பிடித்துக்கொண்டேன். செப்டெம்பரில் ஒரு நாள் சேர்விஸ் கனடாவுக்குப் போன் அடித்து, நெடுநேரம் லைனில் நின்று, கடைசியில் வைத்துவிட்டாயாம். உன் போன் பில்லில் அந்தத் திகதி இருக்கும், தேடி எடு. எச்.ஆர். எழுதிய ஈமெயில் இருந்தால் அதையும் எடுத்து வை. பிறகு திகதி வரிசையில் எழுது: இந்த நாளில் இவர் இப்படிச் சொன்னார், நம்பினேன். இந்த நாளில் போன் அடித்தேன். இந்த நாளில் செவரன்ஸ் முடிந்தது. அதன் பிறகு நவம்பர் நடுவரை ஏன் போடவில்லை? அந்த இடம் உனக்குப் பலவீனம். அங்கே என்ன நடந்ததோ அதையே எழுது. வெட்கம் என்றால் வெட்கம் என்றே எழுது.

கீழ் வீட்டு அன்ரி "டொக்டரிடம் ஸ்ட்ரெஸ் என்று ஒரு துண்டு வாங்கினால் உடனே கிடைக்கும்" என்பார். (உன் பெயரை நான் சொல்லவில்லை, பொதுவாகத்தான் கேட்டேன்.) நீ உண்மையில் நோயாக இருந்து டொக்டரைப் பார்த்திருந்தால் அது வேறு. இல்லாத நோய்க்குத் துண்டு வேண்டாம். 2,000 டொலருக்காக நீ பொய்க் கையெழுத்து வைத்தால் எனக்குத்தான் நித்திரை வராது.

மறுத்தால் முடிவு வந்து 30 நாளுக்குள் மீளாய்வு கேட்கலாம். அதுவும் சரிவராவிட்டால் இன்னொரு 30 நாளுக்குள் சமூகப் பாதுகாப்புத் தீர்ப்பாயம், அதற்குக் கட்டணம் இல்லை. 2009 இல் அந்தக் கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன், மேலே கேட்கவே இல்லை. தோற்றிருப்பேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், ஆனாலும் கேட்டிருக்கலாம்.

விண்ணப்பம் போட்ட பிறகு தபாலில் நாலு இலக்க இரகசிய எண் வரும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும்: வேலை செய்தாயா, படித்தாயா, வேலைக்குத் தயாராக இருந்தாயா, நாட்டை விட்டுப் போனாயா, வேறு காசு வந்ததா. முடிவு வரவில்லை என்று அறிக்கையை நிறுத்தாதே. குறித்த நாளிலிருந்து மூன்று கிழமை தாண்டிவிட்டால் கோரிக்கை தூங்கிவிடும், அதை எழுப்பத் திரும்பவும் அலைய வேண்டும். இன்னொருமுறை "பிந்திவிட்டது அம்மா" என்று என்னிடம் வராதே.

யாராவது கையில் காசுக்கு வேலை தருகிறேன் என்று கேட்பார்கள். நம் ஆட்களிடம் இது சாதாரணம். வேலை செய், ஆனால் எந்தக் கிழமை செய்தாயோ அந்தக் கிழமையில் போடு. காசு எப்போது கைக்கு வந்தது என்பது கணக்கில்லை. ஒரு எல்லை வரை, உழைக்கிற ஒவ்வொரு டொலருக்கும் ஐம்பது சதம்தான் குறைப்பார்கள், முழுவதும் போகாது. மறைத்துப் பிடிபட்டால் தந்ததைத் திருப்பி வாங்கி, தண்டமும் போட்டு, அடுத்த முறை தகுதிக்கே கூடுதல் மணித்தியாலம் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு மார்கழி மாதக் கேக் வேலைக்காக இரண்டு வருசம் கட்டினார்.

டிசம்பரில் யாழ்ப்பாணம் போய் அம்மம்மாவோடு ஒரு மாதம் நிற்கப் போகிறேன் என்றாய். போ, அவவுக்கும் வயசாகிறது. ஆனால் நாட்டுக்கு வெளியே நிற்கிற நாட்களுக்கு ஈ.ஐ. இல்லை. சாவீடு போன்ற சில காரணங்களுக்கு மட்டும் ஏழு நாள்வரை விடுவார்கள். போகிற நாளையும் வருகிற நாளையும் அறிக்கையில் ஒழுங்காகப் போட்டுவிட்டுப் போ. முகநூலில் கோயில் படம் போட்டுக்கொண்டு அறிக்கையில் "கனடாவில்தான்" என்று அழுத்தின ஆட்களையும் கண்டிருக்கிறேன்.

வேலை தேடுகிறதை ஒரு கொப்பியில் எழுதி வை: எந்த நாள், எந்த இடம், என்ன பதில். கேட்டால் காட்ட வேண்டும்.

விண்ணப்பத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும். சின் நம்பர் (சமூகக் காப்புறுதி எண்), வங்கி விபரம், கடந்த 52 கிழமையில் வேலை செய்த இடங்களின் பெயரும் திகதியும் கிட்ட வைத்துக்கொண்டு இரு. இடையில் விளங்காத கேள்வி வந்தால் போன் அடி. இங்கே நேரம் என்ன என்று பார்க்காதே, நான் முழித்துத்தான் இருப்பேன்.

முடிந்ததும் திரையில் ஒரு உறுதி எண் வரும். அதைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பிறகு அப்பாவிடம் போனைக் கொடுக்கிறேன், நீயே அவரிடம் சொல்லு. அவர் ஏசமாட்டார். 2009 இல் நான் உள்ளே படிவம் நிரப்பி முடிக்கும்வரை கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு காத்திருந்த ஆள் அவர். நான் வெளியே வந்து ஏறியதும் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ரோல்ஸுக்கு இறைச்சி வாங்க எவ்வளவு கடன் வைத்திருக்கிறாய்?"

அன்புடன்,
அம்மா