செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25: குடியிருப்போர் நலச்சங்கம், மஞ்சக்குப்பம், கடலூர்

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், இதை அப்புறம் வாட்ஸ்அப்பில் படித்துவிட்டுக் கேள்வி கேட்கப்போகும் வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினக் கொடியேற்றம், பொங்கல் கோலப்போட்டி, கொசு மருந்து அடித்தது எல்லாம் வழக்கம்போல நடந்தன. ஃபெஞ்சல் புயலை ஒட்டித் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது கரையோர ஊர்களுக்கு அரிசியும் போர்வையும் அனுப்பினோம். அதற்கு மட்டும் யாரையும் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. தெருவிளக்கு மனு நிலுவையில் இருக்கிறது.

இனி நொறுக்குத்தீனி விஷயம். "செயலாளர் எல்லார் தட்டிலும் கை வைக்கிறார்" என்று பேச்சு அடிபடுவதால், போன பொதுக்குழுவில், கெடுதலான நொறுக்குத்தீனியைக் குறைக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று கை தூக்கித் தீர்மானம் போட்டு, அந்த வேலையை என் தலையில் கட்டியது நீங்கள்தான் என்பதை நினைவுபடுத்துகிறேன். தீர்மானம் சும்மா வரவில்லை. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வில், நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. மாநில வரிசையில் கோவாவுக்கு அடுத்தபடி புதுச்சேரி, 26.3 சதவீதம். பஸ் ஏறினால் அரைத் தூக்கத்தில் போய்ச் சேரும் ஊர். ரோடமின்-பி சாயம் கலந்த பஞ்சு மிட்டாயை 2024 பிப்ரவரியில் முதலில் தடை செய்ததும் அவர்கள்தான். அதே மாதம் நம் அரசும் தடை செய்தது. அந்தச் சாயம் துணிக்கு ஏற்றுவது.

கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி ஒரு சோதனை செய்து காட்டினேன். 600 மி.லி. குளிர்பான பாட்டிலின் பின்பக்கத்தை ஒரு சிறுமியைப் படிக்கச் சொன்னேன். கணக்குப் போட்டால் 60 கிராமுக்கு மேல் சர்க்கரை. அதை எடை போட்டு எவர்சில்வர் தம்ளரில் கொட்டினேன், மூன்றில் ஒரு பங்கு நிறைந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள், முன்வரிசைப் பையன், "தாத்தா, இந்தச் சர்க்கரையை இனிமே யாருக்குக் குடுப்பீங்க?" என்று கேட்டான். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலர் இப்போது கடையில் பாக்கெட்டைத் திருப்பிப் படிக்கிறார்கள். கடைக்காரரே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

முனை பஜ்ஜிக் கடைக்காரரிடம் பேசியது பெரிய கதை. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது சிதைந்து உண்டாகும் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பொரிக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்தே விதி இருக்கிறது. அவர் சொன்னார்: "எண்ணெய் மாத்தினா பஜ்ஜி வெலய ஏத்தணும் சார். அப்புறம் உங்க சங்கத்துக்காரங்களே வாங்க மாட்டாங்க." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கழிவு எண்ணெயைப் பயோடீசலுக்கு வாங்குபவர்களை அறிமுகப்படுத்தினோம். இப்போது கறுத்த எண்ணெய் கேனில் போகிறது. செய்தித்தாளுக்குப் பதில் வாழையிலைத் துண்டில் தருகிறார். விலையும் ஏறிவிட்டது, அந்தப் பழியும் என் மேல்தான்.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்ற விதி 2021-லேயே வந்துவிட்டது. டேப் வைத்து அளந்து மனு கொடுத்தோம். விதியும் இருக்கிறது, கடைகளும் இருக்கின்றன.

அப்புறம் சுண்டல் விவகாரம். மாதக் கூட்டத்தில் போண்டாவை நிறுத்திவிட்டுச் சுண்டலும், பலா சீசனில் பண்ருட்டிச் சுளையும் கொடுத்தோம். அதிலிருந்து வருகை குறைந்துவிட்டது என்று ஒரு மூத்த உறுப்பினர் எழுத்து மூலமாகவே கொடுத்திருக்கிறார். போண்டா இருந்த காலத்திலும் அவர் தட்டு காலியானதும் கிளம்பிவிடுவார் என்பது வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் தெரியாது, உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியும். கூட்டத்துக்கு வராததற்குச் சுண்டல் காரணம், சரி. சந்தா கட்டாததற்கு எது காரணம்? பாதி வீடுகளுக்கு மேல் நிலுவை. வசூலுக்குப் போனால் "சார் வெளியூர் போயிருக்கார்" என்று உள்ளிருந்து சாரின் குரலே கேட்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய நேராக இருக்கிறது. விவரம் பொருளாளரிடம் உள்ளது. அவர் ஊரிலிருந்து வந்ததும் பார்க்கலாம். சுண்டல் செலவு போண்டாச் செலவைவிடக் குறைவு என்பதை மட்டும் நானே சொல்லிவிடுகிறேன்.

தலைவருக்கும், செயற்குழுவுக்கும், மாசிமகத்தன்று தேவனாம்பட்டினம் போகும் வழியில் வெயிலில் நின்று நீர்மோர் ஊற்றிய மகளிருக்கும், கூட்டத்துக்கு மாடியைக் கொடுத்தவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் சனிக்கிழமை மாலைகளில் கம்பங்கூழ், வேர்க்கடலை, பனங்கிழங்கு விற்க ஒரு மேசை போட எண்ணம். மேசை இருக்கிறது. நிற்க ஆள் வேண்டும். எனக்கும் வயதாகிறது, பொறுப்பை யாராவது ஏற்றுக்கொண்டால் மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். செயலாளர் பதவிக்கான வேட்புமனுப் படிவம் என் வீட்டில்தான் இருக்கிறது, இதுவரை யாரும் கேட்டு வரவில்லை. வருபவர்கள் நிலுவைச் சந்தாவையும் கையோடு கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்