உருமியின் இழுப்பை அறுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சொந்தச் செலவில் மின்னிசைத் தொகுப்பு வெளியிடும் நம் இளைஞர்களைப் பற்றிய ஞாயிறு கட்டுரையைப் படித்தோம். உருமி மேளம், டெக்னோ, நாதஸ்வரம், தோட்டத்தில் ஆள்கூட்டும் பெரட்டு மணி, தகரக்கூரை மழை என எல்லாம் ஒரே தொகுப்பில் கலந்து கிடப்பதுதான் குறை என்கிறது கட்டுரை. கலக்கட்டும், அதில் தப்பில்லை. கோளாறு வேறு இடத்தில். இப்பாடல்கள் பலவற்றில் உருமி அடிக்கிறது, உறுமவில்லை.

உருமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள், மறுமுகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறார்கள். அந்தத் தேய்ப்பில் வரும் இழுப்புதான் கருவியின் உயிர். பதிவில் அதை இரண்டு தட்டு (பீட்) நீளத்துக்கு நறுக்கித் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால், இழுப்பு பாதியில் அறுந்து சுற்றுக்குச் சுற்று 'டிக்' என்கிறது. ஒரு முனை மங்க மறுமுனை எழும்படி 10 மில்லி விநாடி கிராஸ்ஃபேட் போட்டால் 'டிக்' போய்விடும், போன இழுப்பு வராது. குச்சி தோலை விட்டு எழும் இடம் பார்த்து வெட்டுங்கள். எட்டுத் தாளவட்டமாவது முழுசாக ஓடட்டும்.

அடுத்தது வேகம். நிமிடத்துக்கு 108 தட்டில் வாசித்ததை 124க்கு நெருக்கினால் ஒரு தட்டு 556 மில்லி விநாடியிலிருந்து 484 ஆகச் சுருங்குகிறது. அடி தாங்கும், தேய்ப்பு கரகரத்து உதிரும். போதாததற்கு, சாமி ஊர்வலத்தில் பழகிய கை போகப் போக ஏறும். அதை மென்பொருளின் சம அளவுக் கட்டத்துக்குள் அடைக்காமல், உருமியை முதலில் முழுசாகப் பதிந்து, வேகம் எங்கெங்கே மாறுகிறது என்று காட்டும் டெம்போ வரைபடத்தை அதன் தட்டுகளுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டு, டிரம் மெஷினை அதன் பின்னால் ஓடவிட வேண்டும்.

நம் இசையை மின்னிசையோடு சேர்ப்பதற்கு முன்மாதிரியே இல்லை என்று கட்டுரை சொல்வதும் சரியில்லை. மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் சிந்தசைசர், ஜூபிட்டர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்து 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வெளியிட்டார். அன்று யாரும் சீண்டவில்லை, 2010இல் மறுபதிப்பான பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. டிபி-303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கும் ஸ்லைடு உண்டு. ராகம் அந்தப் பெட்டியில் உட்கார்ந்ததே அதனால்தான் என்பது எங்கள் எண்ணம். உருமியின் இழுப்புக்கும் அதே நியாயம்தான்.

பதியும்போது இரண்டு முகத்துக்கும் ஒவ்வொரு மைக். அடிபடும் தோல் உள்ளே போகும்போது எதிர்த்தோல் வெளியே தள்ளும். ஒரு மைக்கின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல் கீழ்த் திசையை, திருப்பாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்று, அடிநாதம் காணாமல் போகும். சோதனைப் பதிவின் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலில் நிற்கட்டும். சோதனைக்கு மென்மையாக அடிப்பவர் பாட்டில் அப்படி அடிக்க மாட்டார். டிரம் மெஷினின் கிக் அடியோடு மோதினால் சிந்தசைசரின் பேஸ் ஒலியைத் தாழ்த்துங்கள், உருமியை அல்ல.

ஒலி அளவில் ஒரு வீண் வேலை நடக்கிறது. பாடலுக்குப் பாடல் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) என்று மாஸ்டர் செய்து, அதாவது இறுதி ஒலியைச் சீரமைத்து, வெறும் மழையும் மணியுமாக இருக்க வேண்டிய பாடலையும் டெக்னோ அளவுக்கு உப்ப வைத்துவிடுகிறார்கள். தொகுப்பை வரிசையாகக் கேட்கும்போது ஸ்பாட்டிஃபை இசைத் தளம் பாடல்களுக்கிடையே உள்ள ஏற்ற இறக்கத்தை அப்படியே விட்டுவிடும். எல்லாப் பாடல்களையும் ஒரே கோப்பில் அடுக்கி, சேர்த்து மாஸ்டர் செய்வதே முறை.

மழைக்காலத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். தப்பு மேளத்தை அனலில் காய்ச்சிச் சுருதி ஏற்றினாலும் மறுபடி இறங்கும். ஒரு பாடலுக்கான உருமியையும் தப்பையும் ஒரே நாளில் பதிந்து முடியுங்கள். மறுநாள் பதிந்த துண்டு அதனோடு ஒட்டாது.

இப்படிக்கு,
உருமி மேள ஒலிப்பதிவாளர்கள்,
சுங்கை சிப்புட், பேராக், மலேசியா.